ஃப்ரீஸருக்குள் ஒரு திருடன்

அத்தியாயம் 4

பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தார் சீஃப். ஒரு சொட்டு விழவில்லை.

"பார்த்தீங்களா?" என்று குலுக்கிக் காட்டினார். உள்ளே வெள்ளையாக ஒரு கட்டி, அசைவேனா பார் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருந்தது. "இது ஜின். ஃப்ரீஸர்ல வெச்சேன். கட்டியாயிடுச்சு."

"ஃப்ரீஸர்ல வெச்சா பின்னே கொதிக்கவா செய்யும்?" என்றேன் நான்.

பாஸ் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். 'ரேடியோ, வால்யூமைக் குறை' என்று அதற்கு அர்த்தம்.

ரேடியோ நான்தான். பட்டப்பெயர் வைத்தது பாஸ். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சேர்ந்து, 'கடை தானா எரிஞ்சு போச்சுங்க' என்று வந்து நிற்கிறவர்களின் பொய்யைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், ஒருநாள் வேலையை உதறிவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்த பெண்மணி அவர். நான் அவருக்கு உதவியாளன், கார் டிரைவர், டீ வாங்கி வருகிறவன், திட்டு வாங்கிக்கொள்கிறவன். இத்தனைக்கும் சேர்த்து ஒரே சம்பளம்தான்.

"தம்பி, ஜின் வீட்டு ஃப்ரீஸர்ல உறையாது" என்றார் சீஃப். "காலம் பூரா கப்பல்ல சீஃப் இன்ஜினியரா இருந்தவன் சொல்றேன், கேட்டுக்கோ. நல்ல சரக்குன்னா எண்ணெய் மாதிரி கொஞ்சம் கெட்டியாகும். அவ்வளவுதான். இப்படிக் கல்லா நிக்குதுன்னா என்ன அர்த்தம்?"

"தண்ணி" என்றார் பாஸ்.

"தண்ணி! எவனோ என் ஜின்னைக் குடிச்சிட்டு, குறைஞ்சது தெரியாம இருக்கத் தண்ணியை ஊத்தி வெச்சிருக்கான். எவனோ என்ன எவனோ? மாடியில இருக்கான் பாருங்க என் மச்சான், அவனேதான். அவனை விட்டா இந்த வீட்டுல வேற யாரு?"

சீஃப் நின்ற இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டு அறையின் மூலையில் இடுப்புயரத்துக்கு ஒரு மரமேஜை. அதன்மேல் பாட்டில்கள், உயர வரிசைப்படி. பக்கத்தில் கனமான கண்ணாடி ஜாடி, முழங்கை நீள ஸ்பூன், வடிகட்டி, மேலே ஒரு வாயும் கீழே ஒரு வாயுமாக இருக்கிற அளவுக் கிண்ணம், ஷேக்கர். எல்லாம் மடித்துப் போட்ட வெள்ளைத் துணிமேல் இருந்தன. என் வீட்டுச் சாமான் அலமாரியை நினைத்து எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

தினமும் சாயங்காலம் தெருவிளக்கு எரிகிற நேரத்துக்கு மனுஷர் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு இங்கே வந்து நின்றுவிடுவாராம். தனக்கு ஜின்னில் ஒரு மார்ட்டினி. அலுத்துப்போனால் விஸ்கியில் ஒரு ஓல்ட் ஃபேஷன்ட். மனைவி குடிக்க மாட்டார். அவருக்கு எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்து ஷேக்கரில் குலுக்கி, சோடா விட்டு, தன்னுடையதைப் போலவே குளிர்ந்த கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிக் கொடுப்பாராம். இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆளுக்கு ஒன்று. இரண்டாவது ரவுண்டு கிடையாது.

"பழரசம் சேர்ந்தா குலுக்கணும். வெறும் சரக்குன்னா கலக்கணும்" என்றார் சீஃப். "கலக்கறப்ப ஐஸ் கொஞ்சம் கரையும் பாருங்க, அந்தத் தண்ணிதான் பதம். எவ்வளவு கரையணும்னு நான்தான் முடிவு பண்ணணும். எனக்கு முன்னாடி இன்னொருத்தன் முடிவு பண்ணி வெச்சா ஆத்திரம் வருமா, வராதா?"

"குடிக்கறப்ப உங்களுக்குத் தெரியலையா?" என்று கேட்டார் பாஸ்.

சீஃப் கொஞ்சம் தயங்கினார். "சப்புன்னுதான் இருந்துது. நாக்கு செத்துப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். வயசாகுதில்ல, ஏதோ மாத்திரை சாப்பிடறேன்."

"ஜின்னை எப்பவும் ஃப்ரீஸர்லதான் வெப்பீங்களா?"

"பழைய ஃப்ரிட்ஜ்ல தீப்பெட்டி சைஸுக்கு ஒரு ஃப்ரீஸர். ஐஸ் தட்டு வெச்சா அதோட சரி. இப்பதான் புதுசு வந்துது. பாட்டில் நிக்கற மாதிரி இடம். ஆசையா வெச்சேன். நேத்து காலையில எடுத்துப் பார்த்தா இந்தக் கோலம்."

பாஸ் கேள்வியை விட்டுவிட்டு அவர் காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பாதமும் புசுபுசுவென்று வீங்கி, செருப்பு வாரின் பக்கிள் கழன்று தொங்கியது. ஆனால் இடுப்பில் பெல்ட்டுக்குப் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தார்.

"மச்சான் குடிப்பாரா?" என்று கேட்டார் பாஸ்.

"குடிப்பாராவா! நல்லா சம்பாதிச்சான். சொந்த டிரைவிங் ஸ்கூல் வெச்சிருந்தான். எல்லாத்தையும் குடிச்சே தீர்த்தான். பொண்டாட்டி பொண்ணைத் தூக்கிக்கிட்டு அப்பன் வீட்டுக்குப் போயிட்டா. அப்புறம் புத்தி வந்து விட்டுட்டேன்னான். வருஷக் கணக்கா தொடலைன்னான். நானும் நம்பி மாடியில இடம் குடுத்தேன். அவளும் இப்பதான் மனசு இரங்கி வர்றேன்னிருக்கா. நாளைக்குக் காலையில பொண்ணோட வந்து இறங்கறா. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருக்கா. மறுபடி தொட்டான்னு காதுல விழுந்தா, ஜென்மத்துக்கும் கிடையாது."

"அவங்ககிட்ட இதைச் சொல்லிட்டீங்களா?" என்றார் பாஸ்.

சீஃப் ஒரு கோப்பையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துணியால் அதை இரண்டு தடவை துடைத்தார். "நாளைக்குத்தானே வர்றா. அதுக்குள்ள நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, அவனா இல்லையான்னு. அவன்தான்னா இன்னிக்கே பெட்டியைத் தூக்கிட்டு வெளிய போகட்டும்."

"மூணு சின்னக் கிண்ணம் குடுங்க" என்றார் பாஸ்.

விஸ்கி கொஞ்சம், ரம் கொஞ்சம், இன்னும் சீல் உடைக்காத புது ஜின் பாட்டில் ஒன்றைத் திறந்து அதிலிருந்து கொஞ்சம். மூன்று கிண்ணத்தையும் ஃப்ரீஸருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்.

"மத்தவங்க கைரேகை நிபுணரைக் கூப்பிடுவாங்க. நாம ஐஸ் போடறோம்" என்றேன்.

"உறையற வரைக்கும் சும்மா நிக்கணுமா? வா, மாடிக்குப் போலாம்."

மாடி அறையில் மச்சான் ஸ்டூல்மேல் ஏறி நின்று ஜன்னலுக்குத் திரை மாட்டிக்கொண்டிருந்தார். மஞ்சள் துணியில் வாத்துகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. சுவரில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை.

"அந்த நாற்காலியில உட்காராதீங்க, காயலை" என்றார். "நீங்கதான் துப்பறிய வந்தவங்களா? நான் தப்பிச்சு ஓட மாட்டேன், மேடம். இதை மாட்டி முடிச்சிடறேன்."

இப்போது வேறு ஒருவருடைய டிரைவிங் ஸ்கூலில் வேலையாம். "பக்கத்து சீட்டுல உட்கார்ந்து பிரேக் போடற உத்தியோகம்" என்று சிரித்தார். பார்த்தவுடன் எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. இது என் தொழிலுக்கு ஆகாத குணம்.

"ஜின்னை நீங்கதான் குடிச்சீங்களா?" என்று நேராகக் கேட்டார் பாஸ்.

"அத்தான் என்ன சொன்னாரு?"

"நீங்கதான்னு."

"அப்ப சரி."

"என்ன அப்ப சரி? நாளைக்கு உங்க மனைவி வர்றாங்க."

வளையத்தைக் கம்பியில் கோத்துக்கொண்டிருந்த கை நின்றது. "தெரியும்" என்றார். "நேத்திலருந்து போன் எடுக்கலை. மூட்டை கட்டற மும்முரத்துல இருப்பா. போன வாரம் பொண்ணு பேசினா. முன்பல்லு விழுந்திருக்காம். 'அப்பா'ன்னு சொன்னா காத்துதான் வருது." சொல்லிவிட்டு முகத்தைத் திரைப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"குடிக்கலைன்னு ஒரு சத்தியம் பண்ணுங்க. நான் கீழ போய்ச் சொல்றேன்."

"சத்தியமா? அது ஸ்டாக் இல்லைங்க. குடிச்ச காலத்துல எல்லார் தலையிலயும் அடிச்சு அடிச்சுத் தீர்த்துட்டேன்."

நான் சும்மா இருப்பேனா? "அந்தக் காலத்துல நீங்க என்ன சாப்பிடுவீங்க சார்?"

"ரம். வேற எது குடுத்தாலும் இறங்காது. ஜின் வாசனையே ஆகாது எனக்கு. ஊசி குத்தறதுக்கு முன்னாடி பஞ்சுல தடவுவாங்களே, அந்த ஞாபகம் வந்துடும்."

படியில் இறங்கும்போது பாஸ் குரலைத் தாழ்த்தினார். "ரேடியோ, குடிகாரங்களை நீ நிறையப் பார்த்திருப்பே இல்ல?"

"என் சித்தப்பா ஒருத்தரே நாலு பேருக்குச் சமம்."

"மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவாரு?"

"சத்தியம் பண்ணுவாரு. அழுவாரு. கடைசியில, உன்னாலதான்டா குடிக்கிறேன்னு நம்ம மேலயே திருப்பிடுவாரு."

"இவரு இதுல ஒண்ணையும் பண்ணலை. பழி வந்து விழுது, கையை நீட்டி வாங்கி வெச்சுக்கறாரு. யாருக்கோ குடை பிடிக்கறாரு இவரு."

சீஃப் குளிக்கப் போயிருந்தார். கிண்ணங்கள் உறையக் காத்திருந்ததில் வெயில் சாய்ந்துவிட்டது. ஃப்ரீஸரைத் திறந்து மூன்று கிண்ணங்களையும் மேஜையில் வைத்தோம். புது ஜின் எண்ணெய் போல வழிந்தது. ரம்மும் அப்படியே. சாய்த்தால் ஓடியது. விஸ்கி மட்டும் ஓரமெல்லாம் உறைந்து, நடுவில் கலங்கலாக, மழைநாள் வாய்க்கால் நிறத்தில் இருந்தது.

பாஸ் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "டீ."

"என்னது?"

"பால் இல்லாத டீ. தண்ணியை மட்டும் ஊத்தினா விஸ்கி வெளுத்துப் போகும் இல்ல? நிறத்துக்காக டீயைக் கலந்திருக்காங்க. குளிர்ல டீ கலங்கும், அதான் இப்படி. யோசிச்சுப் பாரு. ரம்முன்னா உயிரை விடற ஆளு, ரம்மைத் தொடலை. வாசனையே ஆகாத ஜின்னைத் திருடியிருக்காரு. அதோட, நாக்கு வறண்டு திருட்டுத்தனமா குடிக்க வந்தவன், நின்னு நிதானமா டீ போட்டு, ஆற வெச்சு, வடிகட்டி, நிறம் பொருந்துதான்னு பார்த்துப் பார்த்துக் கலப்பானா?"

"கலக்க மாட்டான். அந்த நேரத்துக்கு இன்னொரு பாட்டிலைத் திறப்பான்."

"அப்ப இது குடிக்கறதுக்காக எடுத்தது இல்லை. இன்னொருத்தர் குடிக்கக் கூடாதுன்னு எடுத்தது. சீஃப் எதைத் தொடுவாரோ அதுல மட்டும்தான் தண்ணி."

நான் வாயைத் திறந்தேன். சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. வாயை மூடிக்கொண்டேன். இந்த வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

சீஃபின் மனைவி எலுமிச்சைத் தோலை நீள நீளமாகச் சீவிக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்கான ஏற்பாடு. மெலிந்த உடம்பு, தலையில் ஒரு முடி கலையவில்லை. எங்களைப் பார்த்ததும் "காப்பி சாப்பிடறீங்களா?" என்றார். கண்ணில் தூக்கம் இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

பாஸ் அவருக்குப் பதில் சொல்லாமல் என்னிடம் பேசினார். கொஞ்சம் உரக்க. "எனக்கு வேற ஒரு கவலை, ரேடியோ. திருடினவன் அவசரத்துல குழாயைத் திறந்து பிடிச்சிருப்பான். பச்சைத் தண்ணி. நாள்கணக்கா பாட்டில்லயே கிடந்திருக்கு. சீஃபுக்கு உடம்பும் அவ்வளவு சரியில்லை போலிருக்கு. அந்தத் தண்ணி வயித்துல போய் என்ன ஆச்சோ..."

"பச்சைத் தண்ணி இல்லைங்க! காய்ச்சி ஆற வெச்ச..."

கத்தி அப்படியே நின்றது. கேஸைக் கண்டுபிடித்துவிட்டோம். எனக்குக் கொஞ்சம்கூட சந்தோஷமாக இல்லை.

"திருடறவங்க யாரும் தண்ணியைக் காய்ச்சி ஆற வெக்க மாட்டாங்கம்மா" என்றார் பாஸ் மெதுவாக.

அந்த அம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்தார். புடவைத் தலைப்பால் கையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஆஸ்பத்திரியிலருந்து போன் வந்துது. அவர் குளிச்சுக்கிட்டிருந்தாரு. ஈரல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டை வேற ஒரு தேதிக்கு மாத்தியிருக்காரு, சொல்லிடுங்கன்னாங்க. இவருக்கு ஈரல் டாக்டர்னு ஒருத்தர் இருக்கறதே எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். நான் எடுத்தேன்னு சொல்லாதீங்க, மறுபடி அவருக்கே பண்ணுங்கன்னு வெச்சிட்டேன். அப்புறம் நானே தனியா போய் அந்த டாக்டரைப் பார்த்தேன். முத்திப் போச்சாம். ஒரு சொட்டுகூடப் படக்கூடாதாம். நிறுத்தினாலும் எத்தனை நாள்னு சொல்ல முடியாதாம்."

"நேரா சொல்லியிருக்கலாமே, குடிக்காதீங்கன்னு?" என்று நான்தான் கேட்டேன்.

"சொன்னா எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சிடுமே, தம்பி. எனக்குத் தெரியக் கூடாதுன்னுதானே அந்த மனுஷன் தினமும் சட்டை மாட்டிக்கிட்டு வந்து நின்னு, சிரிச்சுக்கிட்டே கலக்கறாரு. நிறுத்தினா ஏன் நிறுத்தினீங்கன்னு கேப்பேன்னு பயம். நான் இடிஞ்சு போயிடுவேன்னு பயம். அந்த ஒரு மணி நேரம் ஜன்னல்கிட்ட உட்கார்ந்து பழைய கதை பேசுவோம். அதையும் பிடுங்கிக்க எனக்கு மனசு வரலை. அதான், அவர் சாயங்காலம் அவருக்கு இருக்கட்டும், உள்ள போறது மட்டும் தண்ணியா இருக்கட்டும்னு... ஃப்ரீஸர்ல வெச்சா காட்டிக் குடுக்கும்னு நான் எங்க கண்டேன்?"

"உங்க தம்பிக்குத் தெரியும் இல்லையா?"

"சிங்க்ல கொட்டினேன். வாசனையை வெச்சே கண்டுபிடிச்சுட்டான். நேத்து இவர் குதிச்சப்ப, 'அக்கா, நீ வாயைத் திறக்காதே, குடிகாரன்னு பேரு எனக்கென்ன புதுசா'ன்னான். நாளைக்கு அவ வர்றதுக்குள்ள ஏதாவது வழி பண்ணிடலாம்னு நினைச்சேன். ராத்திரி முழுக்க யோசிச்சேங்க. ஒண்ணும் தோணலை." அதற்கு மேல் அடக்க முடியாமல் அழுதார். "அவர்கிட்ட சொல்லாதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

பாஸ் அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இன்ஷூரன்ஸ் பொய்க்காரர்களிடம் பேசும் குரல் இல்லை அது. "சொல்லலைன்னா உங்க தம்பி நாளைக்குப் பொண்டாட்டி புள்ளையை இழந்துடுவாரு. சொன்னா உங்க சாயங்காலம் போயிடும். நான் எதைன்னு எடுக்கறது? நீங்கதான் சொல்லணும். இப்ப விட்டா நேரம் இல்லை."

வெளியே தெருவிளக்கு எரிந்தது. சாப்பாட்டு அறையில் ஜாடிக்குள் ஐஸ் விழும் சத்தம் கேட்டது. அந்த அம்மாள் எழுந்து, கண்ணைத் துடைத்து, தலையைச் சரி செய்துகொண்டு நடந்தார்.

சீஃப் சட்டை கசங்காமல் நின்று, நீளமான ஸ்பூனை ஜாடியின் ஓரமாக விட்டுச் சுற்றிக்கொண்டிருந்தார். மனைவி போய் அந்தக் கையைப் பிடித்தார்.

"தண்ணி ஊத்தினது நான். அவன் இல்லை."

சீஃப் கத்துவார் என்று நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். அவர் கத்தவில்லை. ஸ்பூனை விட்டார். மேஜையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நாற்காலியில் இறங்கினார்.

"அப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எவ்வளவு தெரியும்?"

"எல்லாம் தெரியும். டாக்டரைப் பார்த்துட்டேன்."

அவர் எங்களைப் பார்த்தார். ஒரே நாளில் பத்து வயசு கூடியிருந்தது. "முதல்ல மச்சான்தான்னு நானும் நிஜமாவே நம்பினேன், மேடம். தாம் தூம்னு குதிச்சேன். தம்பியை ஒரு சொல் சொன்னா என் சட்டையைப் பிடிக்கிறவ இவ. நேத்து நான் அவ்வளவு பேசியும், தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னா. ஏன் நின்னான்னு யோசிச்சேன். இவளுக்கு என் விஷயம் தெரிஞ்சு போச்சோன்னு பயந்துட்டேன். அதான் உங்களைக் கூப்பிட்டேன். அவன்தான் குடிச்சான்னு நீங்க சொல்லணுமேன்னு வேண்டிக்கிட்டேதான் கூப்பிட்டேன்."

மனைவி அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எப்போதும் போல, தெரியாத இடத்தில் வாயை விட்டேன்.

"எப்படியோ, மச்சான் தப்பிச்சாரு. நாளைக்கு அவங்க வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சுதே, அது போதும்."

சீஃப் தலையைத் தூக்கவில்லை.

"சார்?" என்றார் பாஸ்.

"நான் சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"நேத்து காலையில. பாட்டிலைப் பார்த்த கையோட. கோபத்துல மச்சான் பொண்டாட்டிக்குப் போனைப் போட்டு, 'தங்கச்சி, வராதே, திரும்ப ஆரம்பிச்சிட்டான்'னு சொல்லிட்டேன்."

மனைவி விலகி எழுந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

பாஸ் கண்ணை மூடித் திறந்தார். "நான் கேட்டேன், ரேடியோ. அவங்ககிட்ட சொல்லிட்டீங்களான்னு கேட்டேன். அவர் கோப்பையைத் துடைச்சாரு. பதிலே சொல்லலை. நான் அதை விட்டுட்டேன்."

மேலே ஜன்னல் கம்பியில் திரை வளையங்கள் ஓடும் சத்தம் கேட்டது. மச்சான் இழுத்து விட்டு இழுத்து விட்டுச் சரி பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சான் மனைவியின் நம்பரை வாங்கி பாஸ் தன் போனிலிருந்தே போட்டார். தெரியாத நம்பர் என்பதால் எடுத்தார்கள். ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். யார் என்று சொன்னார். உறைந்த ஜின், தொடாத ரம், டீ, காய்ச்சின தண்ணீர், ஆஸ்பத்திரி போன், எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் சொன்னார். பாஸ் இவ்வளவு தெளிவாக ஒரு கேஸை விளக்கி நான் கேட்டதில்லை.

மறுபக்கம் முழுக்கக் கேட்டுக்கொண்டது.

"முடிச்சிட்டீங்களா?"

"ம்."

"அண்ணாவுக்கு ஈரல்ல நோய். அண்ணி டீ போட்டுக் கலந்தாங்க. இவர் பழியை ஏத்துக்கிட்டாரு. நீங்க ஐஸை நக்கிப் பார்த்துக் கண்டுபிடிச்சீங்க." அந்தக் குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான் இருந்தது. "இதைவிட நம்பற மாதிரி கதையெல்லாம் அவரே எனக்குச் சொல்லியிருக்காருங்க."

"தங்கச்சி, நான் பேசறேம்மா!" என்று சீஃப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நான் தப்பாச் சொல்லிட்டேன். அத்தனையும் தப்பு. என் மேல சத்தியம்."

"நேத்து நீங்க பேசினது உங்க வாய்லருந்து வந்துதுண்ணா. இன்னிக்கு யாரோ பேச வெக்கறாங்க."

"நான்தான்மா ஊத்தினேன்! என் கையால நான்தான் ஊத்தினேன்!"

"அண்ணி, அவர் வாசப்படியில விழுந்து கிடந்தப்பகூட, வெயில்ல மயக்கம் போட்டுட்டான்னு சொன்னவங்க நீங்க. ஒருநாளும் உங்க தம்பியை விட்டுக் குடுத்ததில்லை. இன்னிக்கு மட்டும் எப்படி விட்டுக் குடுப்பீங்க?"

அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். அதுவும் உண்மைதான் போலிருக்கிறது.

படியில் காலடிச் சத்தம். மச்சான் இறங்கி வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. முகத்தைப் பார்த்தால் எல்லாம் கேட்டிருந்தார். யாரையும் ஒன்றும் கேட்காமல், நேராக வந்து போனை வாங்கினார். ஸ்பீக்கரை அணைக்கத் தெரியவில்லையோ, அணைக்க வேண்டாம் என்று விட்டாரோ.

"நான்தான்" என்றார்.

மறுபக்கம் மூச்சுச் சத்தம் கேட்டது.

"நான் குடிக்கலை."

அவ்வளவுதான் சொன்னார். கெஞ்சவில்லை, அழவில்லை, யார் தலையிலும் அடிக்கவில்லை. நிதானமாக, கண்ணியமாக, ஒரு மனுஷன் உண்மையைச் சொல்கிற மாதிரிச் சொன்னார். நானாக இருந்தால் அந்த நிமிஷமே வண்டி ஏறியிருப்பேன்.

"அப்பவும் இப்படியேதான் சொல்லுவீங்க" என்றது அந்தக் குரல். "இதே குரல். இதே நிதானம். அதைக் கேட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் நம்பினேன்."

போன் அணைந்தது.

"நான் நேர்ல போறேன். கால்ல விழுந்தாவது கூட்டிக்கிட்டு வர்றேன்" என்று அந்த அம்மாள் செருப்பைத் தேடினார்.

"வேணாம்க்கா" என்றார் மச்சான். "நீ போனா, நான்தான் அனுப்பினேன்னு நினைப்பா. அவ மேல தப்பில்லை."

போனை பாஸிடம் நீட்டினார். பாஸ் வாங்கிக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இந்த மாதிரி நேரத்தில் அவர் ஏதாவது ஒரு வழி வைத்திருப்பார், எப்போதும் வைத்திருப்பார். அவர் என்னைப் பார்க்கவில்லை. அதே நம்பரை மறுபடி போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார்.

"விடுங்க மேடம்" என்றார் மச்சான்.

பாஸ் மறுபடியும் போட்டார்.